பாதி முட்டை

எனக்கு மனுஷர்களைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பின்னால் சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னைச் சிடுமூஞ்சி என்று எண்ணிவிடுவீர்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என் பாக்கெட்டில் கையை விட்டு மாட்டிக்கொண்டவனோடு உட்கார்ந்து டீ குடித்தவன் நான். "அண்ணே, ஒங்க பாக்கெட்டுக்கு என் பாக்கெட்டே தேவலாம்ண்ணே" என்றான். அந்தப் பேச்சுக்காகவே டீக்கும் நான்தான் கொடுத்தேன். வாயில் நல்ல பேச்சு இருக்கிற யாரும் எனக்கு உறவுதான்.

இந்த மனிதரும் பேச்சில் சூரர். ஆனால் அவரை நினைத்தால் வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பித் தொண்டையில் வந்து நிற்கிறது. கெட்டவராக இருந்தால் காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன். கெட்டவர் இல்லை. அதுதான் பேஜாரே.

தோஹாவில் நான் அவருக்கு டிரைவர். அவர் அமெரிக்கர். ஒரு எண்ணெய்க் கம்பெனியில் புதிதாகச் சேரும் உள்ளூர் இளைஞர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம். அறுபதை நெருங்கிய வயது. மூக்குக்குக் கீழே தேய்ந்த துடைப்பம் மாதிரி ஒரு வெள்ளை மீசை. அந்த மீசையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்ன தின்றாலும் அதன் அடையாளம் அதில் சற்று நேரம் தங்கியிருக்கும்.

காலையில் வில்லா வாசலில் வண்டியை உறும விட்டு, ஏசியைப் போட்டுக் காத்திருப்பேன். ஒரு கையில் பையும் இன்னொரு கையில் டிஷ்யூ பேப்பர் சுருளுமாக வருவார். பின் சீட்டில் உட்கார்ந்ததும் சுருள் என் தோளுக்கு மேல் நீளும்.

"குட் மார்னிங். இது உன் பங்கு."

பிரித்தால் அவித்த முட்டை. முழு முட்டை இல்லை. டாக்டர் அவருக்கு மஞ்சள் கரு ஆகாது என்றிருந்தார். அதனால் வெள்ளையைச் சுற்றிச் சுற்றிக் கடித்துத் தின்றுவிட்டு, மஞ்சளையும் அதில் ஒட்டிய மிச்ச வெள்ளையையும் எனக்குக் கொண்டுவருவார். மஞ்சளில் அவருடைய முன்பற்கள் வரி வரியாகப் பதிந்திருக்கும். ஈரம் காய்ந்திருக்காது. சில நாள் ஓரத்தில் ஒரு வெள்ளை மயிரும் இருக்கும்.

"உன் இதயம் இளசு, தாங்கும்" என்பார்.

"அப்புறம் சாப்பிடறேன் சார்" என்பேன். கதவுப் பையில் செருகிக்கொள்வேன். அவரை ஆபீசில் இறக்கிவிட்டு, பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருக்கும் குப்பைத்தொட்டி வரை அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போவேன். அங்கே ஒரு பூனை. என் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவரும். அந்தப் பூனை கொழுத்ததற்கு அமெரிக்காதான் காரணம்.

முட்டையோடு போனால் பரவாயில்லை. பாதி குடித்த காபி, கடித்துப் பார்த்துப் புளிக்கிறது என்று விட்ட ஆப்பிள், உள்ளே இருந்த கறியை உருவிவிட்ட ரொட்டி. ஒருமுறை நோன்பு மாதத்தில் வாட்ச்மேனுக்குப் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றைப் பெரிய சந்தோஷத்தோடு நீட்டினார். பாதிப் பழங்கள் முழுசு. மீதிப் பழங்களைக் கடித்து ருசி பார்த்துவிட்டுத் திரும்பவும் அடுக்கிவைத்திருந்தார். வாட்ச்மேன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

காம்பவுண்டில் செடிக்குத் தண்ணீர் விடுகிற ஏழுமலைக்கு மேல்மலையனூர்ப் பக்கம். அவன்தான் அவருக்குப் 'பாதி சார்' என்று பெயர் வைத்தது. எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்றுவிடுவான்.

"எப்பிட்றா துன்ற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ண மூடிக்கினு துன்னுப்பா. வெள்ளக்காரன் எச்சியில வைட்டமின் கீது."

"த்தூ."

"இன்னா த்தூ? அமாவாசைக்கி எங்கூரு அம்மன் கோயிலுக்கு வா. அங்க வர்ற கூட்டத்துல எவன் கையி எவன் சோத்துல கீதுன்னே தெரியாது. உனக்கு ரொம்பத்தான் நெஞ்சழுத்தம்."

எனக்கு நெஞ்சழுத்தம்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. கிளியனூர்ப் பக்கம் எங்கள் ஊரில், நிலக்காரர் ஒருவர் வீட்டில் என் அம்மா மல்லாட்டைக் கடலை ஆயவும் மாடு பார்க்கவும் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தபோது, பந்தி முடிந்து இலையில் மிஞ்சியதையெல்லாம் வழித்துப் பின்கட்டில் அவள் கூடையில் போட்டார்கள். சின்னப் பையன் நான், வடையைப் பார்த்துக் குதித்துவிட்டேன். வாயருகே கொண்டுபோனபோதுதான் கண்ணில் பட்டது. ஒரு பக்கத்தில் பிறைநிலா மாதிரி யாரோ கடித்த பல் வரிசை. அம்மாவிடம் காட்டினேன். அந்தப் பக்கத்தை மட்டும் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு எனக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு பெண்டாட்டி கடித்த பழத்தைக்கூட நான் தொட்டதில்லை. என் மகள் ஸ்டெல்லா சின்ன வயதில், "அப்பாக்கு என் எச்சி புடிக்காது" என்று ஊரெல்லாம் கோள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதி சார் பேச ஆரம்பித்தால் மட்டும் இதெல்லாம் மறந்துபோகும். நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. என் இங்கிலீஷ் எல்லாம் அவருடைய பின் சீட்டிலிருந்து என் பிடரியில் விழுந்ததுதான். "இந்த ஊர் என்ன தெரியுமா? நல்ல ஏசி போட்ட ரயில்வே வெயிட்டிங் ரூம். வண்டி எப்போது என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் ஏசி நன்றாக இருக்கிறது" என்பார். வெயில் காலத்தில் சாயங்காலமானால் மாலுக்குப் போய்க் கடைகளைச் சுற்றி நடப்பார். எதையும் வாங்க மாட்டார். "என் நாட்டில் என் தெருவில் நடந்தேன், யாருக்கும் என்னைத் தெரியாது. இங்கேயும் யாருக்கும் தெரியாது. ஆனால் இங்கே அது நியாயம்" என்றார் ஒருநாள். அதைக் கேட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, உடனே சப்பிக்கொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து, நாளைக்கு ஆகும் என்று சீட்டுக்குப் பின்னால் ஒட்டிவைப்பார். நான் என்ன செய்ய?

வீணாக்கக் கூடாது. அவருடைய வேதம் அவ்வளவுதான். பற்பசை டியூபைக் கத்தரியால் பிளந்து வழிப்பார். ஹோட்டலில் கொடுக்கும் சாஸ் பாக்கெட்டுகள் டிராயர் நிறைய இருக்கும்.

ஒருநாள் அந்தக் குப்பைத்தொட்டி வேலை கெட்டுப்போனது. முந்தின நாள் சுருளைக் கதவுப் பையிலேயே மறந்துவிட்டேன். வெயிலில் வெந்து நாற்றம் எழும்பியதும் அவரே தேடி எடுத்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"நாங்கள் வீடு நிறையப் பிள்ளைகள்" என்றார். "ஒரு சாண்ட்விச் வரும். பெரியவன் ஒரு கடி கடித்துவிட்டு அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். நான் கடைசி. என் கைக்கு வரும்போது அதில் எல்லார் பல்லும் இருக்கும். எங்கள் வீட்டில் அன்பு என்றால் அதுதான். கடிக்காத சாண்ட்விச்சை எனக்கு யாரும் கொடுத்ததே இல்லை."

எனக்குக் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை. பாவம் மனிதர் என்றுதான் இருந்தது. மறுநாள் முட்டை வந்தபோது, ஒரு வாய் தின்றுவிடலாம் என்று உதடு வரைக்கும் கொண்டுபோனேன். குமட்டிக்கொண்டு வந்தது.

அந்த வாரக் கடைசியில் வில்லாவில் விருந்து. அவருடைய கம்பெனி ஆட்கள், மேனேஜர், அவர்களுடைய வீட்டம்மாக்கள். தட்டு எடுக்க என்னையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். பாதி சாரின் தட்டில் பாதிக் கறித்துண்டு. பக்கத்தில் மேனேஜர். அன்பு பொங்கும், அந்தக் கறி அங்கே போகும் என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்துவைத்துவிட்டு, வாயைத் துணியால் ஒற்றிக்கொண்டு, மழை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு ஒரு டப்பாவோடு சமையலறைக்கு வந்தார்.

"உனக்கு. எல்லாருடையதும் இதில் இருக்கிறது."

அதுவரைக்கும் அருவருப்பு வயிற்றில்தான் இருந்தது. அன்றைக்கு மண்டைக்கு ஏறியது. அந்த வீட்டு அன்பு, மேசையின் அந்தப் பக்கத்துக்குப் போகாது. எங்கள் ஊர்ப் பின்கட்டு மாதிரியே கீழ்நோக்கித்தான் ஓடும். பின்கட்டுக்காரர்களாவது அதை அன்பு என்று சொல்லவில்லை.

பிறகு நான் ஊருக்கு வந்துவிட்டேன். திண்டிவனம் ஸ்டேஷன் பக்கத்தில் சொந்த வண்டி ஓட்டுகிறேன். ஸ்டெல்லாவுக்கு விழுப்புரத்தில் வரன் அமைந்தது. பையன் தங்கம். பையனின் அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்தான் கொஞ்சம் கரடு. பெண் பார்க்க வந்த அன்றே தன் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து, நாற்காலியின் கீழ் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அண்ணாந்துதான் குடிப்பார். அதை வேறு யாரும் தொடக் கூடாது. காபி டம்ளரைத் திரும்பக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார். என் வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிவிட்டது.

அவரே கவனித்துவிட்டுச் சொன்னார்: "தப்பா நெனச்சிக்காதம்மா. எங்கப்பாரு காலம் பூரா அடுத்தவன் எச்சில துன்னாரு. எங்க வம்சத்துல அது அவரோட முடிஞ்சி போச்சு."

எனக்கு எழுந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. இந்த வீட்டில்தான் என் பெண் வாழ வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

நிச்சயதார்த்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பாதி சார், "உன் மகள் என் மகள் மாதிரி. வருகிறேன்" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். வந்தேவிட்டார். மீனம்பாக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதியை உறிஞ்சிவிட்டு அதே குழாயோடு என் பக்கம் நீட்டினார். நான் வண்டியை விட்டு இறங்கி, டயரைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு வந்தேன்.

"சார், நாளைக்குப் பந்தியில யாருக்கும் எதையும் எடுத்துக் குடுக்காதீங்க. எங்க ஊர்ல தப்பா எடுத்துக்குவாங்க."

சிரித்தார். "பகிர்ந்து சாப்பிடுவதைத் தப்பு என்கிற ஊர் உலகத்தில் உண்டா?"

"கடிச்சத சொல்றேன் சார்."

"கடிக்காமல் எப்படிப் பகிர்வது? எவ்வளவு போதும் என்று வாய்க்குத்தானே தெரியும்."

அதற்குமேல் என் இங்கிலீஷ் ஓடவில்லை.

மாதா கோயில் பக்கத்து ஹாலில் விசேஷம். பங்குச் சாமியார் செஞ்சியில் ஒரு பூசையை முடித்துவிட்டு வரத் தாமதம். பசியோடு எத்தனை நேரம் உட்கார வைப்பது? மோதிரமும் தட்டு மாற்றுவதும் பிறகு ஆகட்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரை முதல் பந்தியில் உட்கார வைத்தோம். பாதி சாரை நான் கடைசி நாற்காலியில், சுவர் ஓரமாக, என் மச்சானுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தியிருந்தேன்.

"ஃபாரின் சார ஏன் மூலையில குந்த வச்சிக்கினு கீறீங்க?" என்று சம்பந்தி குரல் கொடுத்தார். "இப்பிடி என் பக்கத்துல அனுப்புங்க. ஒரு போட்டோ புடிக்கலாம்."

"இல்ல சம்பந்தி, அவருக்கு காத்து வேணும்..."

"இங்க ஃபேன் கீது, அனுப்புங்க."

போய் உட்கார்ந்துவிட்டார். போட்டோ எடுத்தார்கள். பிரியாணி, வெங்காயப் பச்சடி, இலைக்கு ஒரு அவித்த முட்டை. நான் பச்சடி வாளியோடு அந்த வரிசையை விட்டு நகரவே இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் சித்தி பச்சடி கேட்டு நிறுத்தியபோது ஒரு கணம் திரும்பினேன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதி சார் வெள்ளையைச் சுற்றித் தின்றுவிட்டிருந்தார். மிச்சத்தை எடுத்துச் சம்பந்தியின் இலையில், பிரியாணி மேல் வைத்து, அவர் தோளில் செல்லமாகத் தட்டினார்.

"உங்கள் பங்கு."

அவர் மேல் எனக்கு அப்போது வந்த வெறுப்பை எப்படிச் சொல்வது? அங்கே பிஷப் உட்கார்ந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். கலெக்டர் உட்கார்ந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். என் சம்பந்தி அவர் கண்ணுக்கு இன்னொரு டிரைவர்.

சம்பந்தியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் முட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சளில் பல் வரி. பக்கத்திலிருந்த அவர் தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டான்.

"இன்னாய்யா இது? எச்சிய எட்த்து எங்கண்ணன் எலையில வக்கிறான் இந்தாளு! கூப்ட்டு வச்சி அசிங்கம் பண்றீங்களா?"

மேடையில் புதுப் புடவையில் ஸ்டெல்லா. அவள் என்னைப் பார்த்தாள். சம்பந்தி மெதுவாகக் குனிந்து, காலுக்கு நடுவில் இருந்த பாட்டிலை எடுத்தார். எழுந்திருக்கப் போகிறார். அவர் எழுந்தால் பந்தியே எழுந்துவிடும். மோதிரம் இன்னும் டப்பாவில் இருந்தது.

வாளியைக் கீழே வைத்தேன்.

"மன்னிக்கணும் சம்பந்தி, அது எனக்கு வச்சது. அந்த ஊர்ல டெய்லி எனக்குத்தான் குடுப்பாரு. நான் பக்கத்துல நிக்கறேன்னு நெனச்சிக்கினு கை மாறி வச்சிட்டாரு."

அவர் இலையிலிருந்து எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு அடுப்பினுடையதா, பாதி சார் வாயினுடையதா என்று ஒரு யோசனை போயிற்று. வாயில் போட்டேன். மஞ்சள் கரு மாவாகக் கரைந்து பல் இடுக்கெல்லாம் அப்பிக்கொண்டது. அதில் ஒரு வழுவழுப்பு இருந்தது. நாக்கின் அடியில் ஏதோ மெல்லிய இழை. மயிரா, வெங்காயமா என்று பார்க்காமல் விழுங்கினேன். அம்மா அந்த வடையை எப்படி விழுங்கினாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பசியில் இல்லை.

சம்பந்தி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கும்வரை பார்த்தார். பிறகு பாட்டிலைக் கீழே வைத்தார்.

"குந்துடா" என்றார் தம்பியிடம். "அவங்களுக்குள்ள ஏதோ பழக்கம். எனக்கு வேற எல போடுங்கப்பா."

பாதி சார் மட்டும் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் என் எதிரே சாப்பிட்டாய்" என்றார். அந்த மீசை என் கன்னத்தில் உரசியது.

ஹாலுக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில் போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். நிமிர்ந்தால் ஸ்டெல்லா நிற்கிறாள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஏம்பா? அம்மா கட்ச்ச பழத்தகூட நீ துன்ன மாட்டியே."

"பசிம்மா" என்றேன். "சாமியார் வந்துட்டாரா பாரு, போ."

அவள் போகவில்லை. டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கல்யாணம் நல்லபடியாக ஆயிற்று. பாதி சார் அதற்கு வரவில்லை, வாழ்த்து மட்டும் அனுப்பினார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு போட்டோ வரும். தட்டில் பாதி முட்டை. கீழே 'உன் பங்கை இங்கே சாப்பிட ஆள் இல்லை' என்று எழுதியிருக்கும். தனியாகக் கிடக்கிற மனிதர் என்று தெரிகிறது. ஒரு கைகூப்பு படம் அனுப்பிவிட்டுப் போய் வாய் கொப்பளிப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மேசையில் நானும் சம்பந்தியும்தான். அவரே எழுந்து போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"அன்னிக்கி அந்த முட்ட எனக்குத்தான் வந்துச்சி சம்பந்தி. எனக்கு தெரியும்."

நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"என் எலைக்கி வந்தத நீங்க துன்னீங்க." கிண்ணத்திலிருந்து ஒரு முட்டையை எடுத்து, தண்ணீரில் அலசி, என் தட்டில் வைத்தார். "ஓட்டோட கீது பாருங்க. கோழிக்கப்புறம் யாரும் தொடல."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. போட்டோதான். சம்பந்தியும் எட்டிப் பார்த்தார். போனை எடுத்து மேசைமேல் குப்புறக் கவிழ்த்தார்.

"உரிங்க."

உரித்தேன். வெள்ளையாக, வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் கையில் உட்கார்ந்திருந்தது. கடிக்கப் போனேன். கடித்தால் பல் பதியும், பதிந்ததை நான் பார்க்க வேண்டியிருக்கும். அப்படியே முழுசாக வாயில் திணித்துக்கொண்டேன்.

"இன்னா சம்பந்தி ஜல்தி? அடச்சிக்கப் போவுது!" என்று பதறி எழுந்தவர், நாற்காலிக்குக் கீழே இருந்த அந்த ஸ்டீல் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

நான் அண்ணாந்து குடித்தேன்.